ஆணியில் தொங்கும் விளம்பரம்

சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, செக்கு எண்ணெய், வத்தல், சேலை. விருதுநகர் மாவட்டத்தில் இவற்றை வாட்ஸ்அப்பிலும் சொந்தத் தளத்திலும் விற்கும் சின்னச் சின்ன வியாபாரிகள் பெருகிவிட்டார்கள். பாதிப் பேர் பெண்கள். வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள். செல்போன் விளம்பரத்துக்குக் கட்டியே கையிருப்பு கரைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. நாடு முழுக்க காலண்டர் அனுப்பும் சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவர்களை அச்சகத்துக்குப் போகவிடாமல் தடுப்பதும், போனவர்களின் காசை வீணாக்குவதும் சில தப்பான நம்பிக்கைகள்தான்.

நம்பிக்கை: ஆன்லைன் கடைக்குக் காகிதம் எதற்கு?

செல்போன் விளம்பரம் கட்டிய காசு தீர்ந்ததும் நின்றுவிடும். தினசரி காலண்டர் அடுத்த மார்கழி வரை ஆணியில் தொங்கும். எங்கள் வீட்டில் அம்மா அடுப்பைப் பற்றவைத்த கையோடு தாளைக் கிழிப்பார். நல்ல நேரம், ராகு காலம், யாருக்குச் சந்திராஷ்டமம் என்று வாய்விட்டுப் படிப்பார். கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைய பால் கணக்கு. அட்டையின் அடியில் இருக்கும் மளிகைக் கடையின் போன் நம்பர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை, வருஷத்தில் 365 நாள் கண்ணில் பட்டதால் பதிந்துவிட்டது.

காலண்டர் அச்சாகும் சிவகாசியிலிருந்து 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அந்தத் தேவையோடு சேர்ந்தே ஊரில் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. இன்றும் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பம் வெளியாகும். அப்போதே படம் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுப்பவருக்கு நிதானமாகத் திருத்திய அச்சு கிடைக்கும். மார்கழியில் ஓடிவருகிறவருக்கு மிச்சமிருக்கும் படமும் அவசர வேலையும்தான்.

ஆனால் காலண்டரை ஊருக்கெல்லாம் கொடுக்காதீர்கள். ஒரு தடவைக்கு மேல் உங்களிடம் வாங்கியவருக்கு மட்டும் பார்சலோடு வையுங்கள். தெரியாத வீட்டில் அது பத்தாவது காலண்டராகப் பரணுக்குப் போகும்.

நம்பிக்கை: கொஞ்சமாக அடித்தால் செலவு குறையும்.

"அண்ணாச்சி, ஐநூறு அடிச்சாப் போதுமா?"

"எத்தனை அடிச்சாலும் அதே பிளேட்டுதானம்மா. ஆயிரமா அடிச்சுக்கோங்க."

அச்சக அண்ணாச்சி வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. மல்டிகலர் ஆப்செட்டில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு பிளேட் போட வேண்டும். நாலு கலரும் சரியாகச் சேரும்வரை தாள்கள் வீணாகும். ஐநூறுக்கும் அதே பிளேட், அதே வீண். கூடுவது பேப்பரும் மையும்தான். அதனால் ஆயிரத்தின் விலை ஐநூறின் இருமடங்கு ஆகாது. சோதித்துப் பார்க்க நூறு, இருநூறு போதும் என்றால் ஆப்செட் வேண்டாம். டிஜிட்டல் பிரிண்டுக்குப் பிளேட்டே கிடையாது. எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டு அச்சகப் படி ஏறுங்கள்.

நம்பிக்கை: க்யூஆர் கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

என் சித்தி மகள் செக்கு எண்ணெய் விற்கிறாள். போன வருஷம் 500 காலண்டர் அடித்தாள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு சேவையில் கோடு உருவாக்கியிருந்தாள். தை மாதம் நன்றாக வேலை செய்தது. மாசியில் ஸ்கேன் செய்தால், சந்தா முடிந்துவிட்டது, பணம் கட்டுங்கள் என்று வேறு யாருடைய பக்கமோ வந்தது. ஐந்நூறு சுவர்களில் செத்த கோடு தொங்கியது. வெள்ளை ஸ்டிக்கரில் போன் நம்பர் அடித்து, பக்கத்து ஊர் வாடிக்கையாளர் வீடுகளுக்கு நேரில் போய் ஒட்டினாள். சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவற்றை என்ன செய்வது?

உங்கள் முகவரியையே நேரடியாகத் தாங்கும் கோடு காலாவதி ஆகாது. நடுவில் இன்னொருவர் தளத்தைத் தொட்டுப் போகும் கோடு, அவர் கதவை மூடினால் போச்சு. நடுவழி வேண்டுமென்றாலும் அது உங்கள் சொந்தத் தளமாக இருக்கட்டும். முகவரி நீளமானால் கட்டங்கள் பொடியாகும். சின்ன முகவரி நல்லது.

1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் க்யூஆர் கோட்டை உருவாக்கியது கார் உதிரிப் பாகங்களைக் கண்காணிக்க. அழுக்குப் பட்டாலும் படிக்க வேண்டும் என்பதால், கோட்டில் சுமார் 30 சதவீதம் வரை சேதமானாலும் மீட்டுக்கொள்ளும் அளவுக்கு அமைக்க வழி உண்டு. ஆனால் சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட்டாக வேண்டும். முருகன் படத்தின் தங்க ஃபாயிலின்மேல் கோட்டை அச்சிட்டால் அழகாக இருக்கும். டியூப்லைட் வெளிச்சம் பட்டு மின்னினால் செல்போன் தடுமாறும். வெள்ளையில் கறுப்பு, பளபளப்பில்லாத இடம், குறைந்தது மூன்று சென்டிமீட்டர். கீழே போன் நம்பரும் கட்டாயம். அம்மா வயதுக்காரர்கள் ஸ்கேன் செய்வதில்லை, கூப்பிடுகிறார்கள்.

நம்பிக்கை: நாலு சந்திப்பில் ஃபிளெக்ஸ் கட்டினால் போதும்.

அனுமதியின்றிக் கட்டுவது குற்றம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சுபஸ்ரீ என்ற இளம் பெண்ணின் உயிரைக் குடித்தது சாலையில் வைத்த ஒரு பேனர். அடுத்தவர் சுவரில் கேட்காமல் போஸ்டர் ஒட்டுவதை 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் தடுத்துவிட்டது. ஆட்டோவில் மைக் கட்டுவதற்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

நம்பிக்கை: நோட்டீஸ் குப்பைக்குத்தான் போகும், கணக்கும் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் கண்டவர் கையில் திணித்தால் குப்பைக்குத்தான் போகும். ஆனால் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவர் பால்கோவா வாங்காமல் திரும்புவது அபூர்வம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. அந்தப் பால்கோவாப் பெட்டிக்குள் வைத்த சீட்டு அவரோடு ஊருக்குப் போய், வீட்டு மேஜையில் பிரிகிறது. ருசி நாக்கில் இருக்கும்போதே முகவரி கண்ணில் படுகிறது. காராச்சேவு பாக்கெட் என்றால் சீட்டை உள் கவருக்கு வெளியே வையுங்கள். எண்ணெய் ஊறினால் நம்பரே தெரியாது.

கணக்குக்கு ஒரு எளிய வழி உண்டு. ஆடிப்பூரச் சீட்டில் 'தேர்' என்றும், செய்தித்தாளுக்குள் வைத்துக் கொடுப்பதில் 'பேப்பர்' என்றும், இருக்கன்குடி கோயில் ஆடி வெள்ளிக்கு 'ஆடி' என்றும் ஒரு சொல்லை அச்சிடுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் சிறு தள்ளுபடி. 2,000 சீட்டுக்கு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆயிற்று, 20 பேர் சொல்லோடு வந்தார்கள் என்று வையுங்கள். ஒரு புது வாடிக்கையாளருக்கு 150 ரூபாய். செல்போன் விளம்பரத்தில் ஒருவருக்கு எவ்வளவு ஆனது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்தச் சொல் வரவேயில்லையோ, அந்த நோட்டீசை அடுத்த வருஷம் அடிக்காதீர்கள்.

நம்பிக்கை: பட்டாசையும் இப்படியே ஆன்லைனில் விற்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், எத்தனையோ குடும்பம் அந்த வெடிமருந்தை நம்பி இருக்கிறது. ஆனால் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கவும் விற்கவும் கூடாது, உரிமம் பெற்ற வியாபாரிகள் மட்டுமே விற்கலாம் என்று உத்தரவிட்டது. தளத்தின் முகவரியை நோட்டீசில் அச்சிட்டாலும் காலண்டரில் அச்சிட்டாலும் அந்தத் தடை மாறாது. பட்டாசை ரயிலில் எடுத்துப்போனால் மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழியுண்டு. தபாலிலும் அனுப்ப முடியாது.

பட்டாசுக் கடை நோட்டீசில் இருக்க வேண்டியவை கடை இருக்கும் இடம், உரிம எண், திறக்கும் நேரம். தீபாவளி நெருங்கினால் சிவகாசி விலை என்று போலித் தளங்கள் முளைக்கின்றன. பணம் கட்டியவருக்குப் பெட்டி வருவதில்லை, பழி ஊருக்கு வருகிறது. "நாங்கள் ஆன்லைனில் பணம் வாங்குவதில்லை, நேரில் வாருங்கள்" என்று கொட்டை எழுத்தில் அடியுங்கள். ஏமாந்தவர் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930 என்பதையும் கீழே சேர்த்துவிடுங்கள்.