லேண்ட்ஃபால் என்றால் நிலச்சரிவா? செய்தி படித்தே ஆங்கிலச் சொல் கற்கலாம்

"கம்ப்யூட்டர் வாங்கிட்டோம். இதை வச்சு இங்கிலீஷ் கத்துக்க முடியுமா தம்பி?" ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. முடியும். பணம் கட்டி எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். பிரவுசரும் நோட்பேடும் போதும். இரண்டும் விண்டோஸுடனேயே வந்துவிடுகின்றன.

செய்முறைக்குப் போகும் முன் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் நான் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு மாணவன், சென்னையில் ஹாஸ்டல் வாசம். வீடும் தென்னந்தோப்பும் புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கம். கஜா புயல் நெருங்கிக் கொண்டிருந்தது. பக்கத்து மாடி வீட்டுக்குப் போய்விடலாமா என்று அம்மா போனில் கேட்டார். நான் இங்கிலீஷ் செய்தியைத் திறந்தேன். அதில் 'லேண்ட்ஃபால்' என்று போட்டிருந்தது. லேண்ட் என்றால் நிலம், ஃபால் என்றால் விழுவது, ஆக நிலச்சரிவு! "நம்ம ஊர்ல மலையா இருக்கு? பயப்படாம படுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். டிவியில் தமிழில் சொன்னதை விட, படிக்கிற பிள்ளை சொன்னதை நம்பினார்கள்.

லேண்ட்ஃபால் என்றால் புயல் கரையைக் கடப்பது. நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே பலத்த காற்றோடு கஜா கரையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. ஓடுகள் பறந்த பிறகுதான் இருட்டில் இருவரும் அந்த மாடி வீட்டுக்கு ஓடினார்கள். விடிந்து பார்த்தால் தோப்பு படுத்துக் கிடந்தது.

நான் மட்டும் இப்படி இல்லை. 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸைத் தாக்கியது. 'ஸ்டார்ம் சர்ஜ்' வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். புயல் கடல்நீரை மலைபோல் கரைக்குள் தள்ளுவதுதான் அது. பலருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. 'சுனாமி மாதிரி' என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். இறந்தவர்கள் 6,000 பேருக்கு மேல்.

இப்போது பாடம். முதலில் ஒரு செய்தியைத் தமிழில் படித்திடுங்கள். பிறகு அதே செய்தியை ஒரு ஆங்கில நாளிதழின் இணையதளத்தில் திறந்திடுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் பாதிச் சொற்கள் தாமாகவே பிடிபடும். தெரியாத எல்லாச் சொல்லுக்கும் டிக்ஷனரி பார்க்காதீர்கள், மூன்றாம் நாளே சலித்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் போதும்.

சொல்லின் மீது மவுஸால் இரண்டு முறை கிளிக் செய்தால் அது தேர்வாகும். கண்ட்ரோல், சி கீகளை அழுத்தி காப்பி செய்து, கூகுளில் பேஸ்ட் செய்து, பக்கத்தில் 'மீனிங்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பொருளோடு ஸ்பீக்கர் படமும் வரும். அதைக் கிளிக் செய்தால் உச்சரிப்பு கேட்கும். எட்ஜ் பிரவுசரில் கண்ட்ரோல், ஷிப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கம் முழுவதையும் வாசித்துக் காட்டிடும்.

அடுத்து நோட்பேடைத் திறந்து எஃப்5 அழுத்துங்கள். தேதியும் நேரமும் தானே விழும். அதன் கீழே சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை அப்படியே பேஸ்ட் செய்திடுங்கள். காரணம், ஒரே சொல் இடத்துக்கு இடம் வேஷம் மாறும். வானிலை அறிக்கையில் 'டிப்ரஷன்' என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், டாக்டரிடம் மனச்சோர்வு, 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவுக்கும் அதே பெயர்தான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் 'கிளெய்ம்' நாம் கேட்கும் பணம். தலைப்புச் செய்தியில் புயல் பத்து உயிர்களை 'கிளெய்ம்' செய்தது என்றால் பறித்தது என்று பொருள். சுங்கச் சாவடி 'டோல்' தெரியும்தானே? 'டெத் டோல்' என்றால் பலி எண்ணிக்கை.

தலைப்புகளுக்குத் தனி இலக்கணமும் உண்டு. நேற்று நடந்ததை இன்று நடப்பது போல எழுதுவார்கள். வினைச்சொல்லுக்கு முன்னால் 'டு' மட்டும் இருந்தால் இனிமேல் நடக்கப் போகிறது. 'சைக்ளோன் டு கிராஸ்' என்றால் இன்னும் கடக்கவில்லை, நேரம் இருக்கிறது. 'சைக்ளோன் கிராசஸ்' என்றால் கடந்துவிட்டது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்று. அமெரிக்காவில் ஹரிக்கேன், பிலிப்பைன்ஸில் டைஃபூன், நம்மிடம் சைக்ளோன். மூன்றும் ஒரே வகைப் புயல்தான். 2005-ல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா பற்றிப் படித்தாலும் லேண்ட்ஃபால், சர்ஜ் எல்லாம் திரும்ப வரும். ஒரே விஷயத்தை ஒரு வாரம் விடாமல் படித்தால் சொற்கள் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் இணையதள அறிக்கைகள் இதற்கு நல்ல பயிற்சி. அளந்த வாக்கியங்கள், அலங்காரம் கிடையாது.

நோட்பேடில் பொருளைத் தமிழில் எழுதியிருந்தால் சேவ் செய்யும்போது 'என்கோடிங்' என்ற இடத்தைப் பாருங்கள். பழைய விண்டோஸில் அது 'ஆன்சி' என்றிருக்கும். அதை 'யுடிஎஃப்-8' என மாற்றிடவும். இல்லாவிட்டால் மறுநாள் திறக்கும்போது தமிழ் எழுத்துக்களின் இடத்தில் கேள்விக்குறிகள்தான் இருக்கும்.