வீட்டை விற்கும்போது வரும் பராமரிப்புக் கணக்கு



நம்மில் பலர் கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, பிள்ளைகளின் படிப்புக்காகவோ பிற்கால வசதிக்காகவோ சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கி வைத்திருக்கிறோம். வியாபாரத்தில் முடை ஏற்படும்போதோ, பெண்ணுக்குக் கல்யாணம் கூடி வரும்போதோ அதை விற்கவும் செய்கிறோம். வாங்கும்போது பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்க்கிறோம். விற்கும்போது வருகிற ஒரு கணக்கைத்தான் பார்ப்பதில்லை. கட்டடப் பராமரிப்புக் கம்பெனி கொடுக்கும் கடைசிச் சீட்டு அது.

என்னிடம் பல வருடமாகச் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக் கடைத் தம்பி சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு சீட்டுடன் வந்தார். "அண்ணாச்சி, ஃபிளாட்டைப் பேசி முடிச்சாச்சு. வாங்குறவருக்கு பேங்க் லோன். கம்பெனியில என்.ஓ.சி. கேட்டா 1,46,000 ரூபா கட்டுன்னு சீட்டு குடுத்திருக்காங்க. பத்திரத்துக்கு இன்னும் 20 நாள்தான் இருக்கு. கட்டிரலாமா?" என்றார். அந்தப் பணத்தை நம்பித்தான் அவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபமும் நகையும் பேசி வைத்திருந்தார்.

"தம்பி, கட்ட வேண்டாம். முதலில் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு ஃபிளாட்டை விற்றேன். பத்திரத்துக்கு 4 நாள் இருக்கும்போது இதே போல ஒரு சீட்டு வந்தது. மில்லுக்குப் பணம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால், கேட்ட தொகையை அப்படியே கட்டிவிட்டேன். ஒரு மூட்டை பருப்பில் அரைக் கிலோ குறைந்தாலும் தராசில் வைக்கச் சொல்கிற நான், அந்தச் சீட்டை எடை போடாமல் பணம் கொடுத்தேன். அதில் பாதிக்கு மேல் நான் தர வேண்டியதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

பணம் கேட்கும் அதிகாரம் யாருக்கு?

அடுக்குமாடியில் நாம் வாங்குவது இரண்டு. ஒன்று, நாம் குடியிருக்கும் பகுதி. மற்றொன்று, யு.டி.எஸ். என்று சொல்லப்படும் பிரிபடாத பாக நிலமும், படிக்கட்டு, லிஃப்ட், மோட்டார், மொட்டை மாடி ஆகிய பொது இடங்களில் உள்ள பங்கும். இந்தப் பொது இடங்களின் செலவை எல்லா வீட்டுக்காரர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதில் தகராறுக்கு இடமில்லை.

கட்டடம் முடிந்த புதிதில் கட்டிய நிறுவனமே பராமரிக்கும். பிறகு வீட்டு உரிமையாளர் சங்கம் பொறுப்பேற்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11-வது பிரிவு, சங்கம் ஏற்கும் வரை நியாயமான கட்டணத்தில் அத்தியாவசிய வசதிகளைப் பராமரிப்பது கட்டுநரின் கடமை என்கிறது. அதே சட்டத்தின் 19-வது பிரிவு, பராமரிப்புக் கட்டணத்தில் தன் பங்கை உரிய காலத்தில் கட்டுவது வாங்கியவரின் கடமை என்கிறது. இரு பக்கமும் கடமை உண்டு.

சங்கத்தினர் தங்களால் நேரில் பார்க்க முடியாதபோது ஒரு பராமரிப்புக் கம்பெனியை அமர்த்துகிறார்கள். அந்தக் கம்பெனி நம் கமிஷன் மண்டிக்காரரைப் போன்றது. சரக்குக்காரர் சொன்ன விலைக்கு விற்று, பேசிய கமிஷனை எடுத்துக்கொள்ளலாம். தன் இஷ்டத்துக்கு ஒரு செலவை எழுத முடியாது. ஆகவே சீட்டில் உள்ள ஒவ்வொரு இனத்துக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது எந்த எழுத்தின்படி?" சங்கத்தின் துணைவிதி, பொதுக்குழுத் தீர்மானம், நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும்.

சீட்டைப் பிரித்துப் பார்த்தோம்

தம்பியின் ஃபிளாட் 900 சதுர அடி. சதுர அடிக்கு 3 ரூபாய் வீதம் மாதம் 2,700 ரூபாய். சீட்டில் ஐந்து இனங்கள் இருந்தன.

1. மாதக் கட்டணப் பாக்கி, 8 மாதம், 21,600 ரூபாய். இது விற்பவர் தர வேண்டிய கடன். ஆனால் தம்பியின் கடை மேசையில் 3 மாத ரசீது கிடந்தது. ரொக்கமாகக் கட்டியது கம்பெனிக் கணக்கில் ஏறவில்லை. அதன்படி 8,100 ரூபாய் கழிந்து 13,500 ரூபாய் நின்றது.

2. தாமதக் கட்டணம், 9,400 ரூபாய். துணைவிதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஒரு மாதக் கட்டணம் தாமதமானால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரூபாய் என்று இருந்தது. 5 மாதப் பாக்கிக்கு அது 1,500 ரூபாய்தான். வட்டிக்கு வட்டி போட்டு எழுதியிருந்தார்கள்.

3. கார்ப்பஸ் என்னும் மூலநிதி, 60,000 ரூபாய். இது பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்து வைக்கும் முதல். வாங்கியபோதே தம்பி 45,000 ரூபாய் கட்டி ரசீது வைத்திருந்தார். பிறகு பொதுக்குழு அதை 60,000 ஆக உயர்த்தியிருந்தது. ஆகவே கேட்கக்கூடியது 15,000 மட்டுமே. மூலநிதி வீட்டோடு போவது. ஆள் மாறினால் மறுபடி முழுவதும் கட்ட வேண்டியதில்லை. இனி அதன் பலன் வாங்குபவருக்கே என்பதால், அந்த 15,000 ரூபாயை அவர் ஏற்றுக்கொண்டார்.

4. வெளிப்புற வர்ணம், 25,000 ரூபாய். தீர்மானப் புத்தகத்தில் மூன்று தவணை என்று இருந்தது. கெடு வந்தது முதல் தவணை 10,000 மட்டும். அதைத் தம்பியும், மீதி 15,000-ஐ அந்தந்தக் கெடுவில் வாங்குபவரும் கட்டுவதென்று பேசினோம்.

5. பெயர் மாற்றக் கட்டணம், 30,000 ரூபாய். இதற்குத் தீர்மானமும் இல்லை, துணைவிதியும் இல்லை. சங்கச் செயலாளரையே நேரில் பார்த்தோம். அவர் பதிவேட்டைப் புரட்டி, பெயர் மாற்றத்துக்கு 2,500 ரூபாய்தான் நிர்ணயம் என்றார். மீதியைக் கம்பெனி தானாகச் சேர்த்திருக்கிறது.

கடைசியில் தம்பி கட்டியது 27,500 ரூபாய். வாங்குபவர் ஏற்றது 30,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 57,500. மீதி 88,500 ரூபாய்க்கு எழுத்தே இல்லை. இதற்கு நாங்கள் செலவழித்தது மூன்று நாள், இரண்டு கடிதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, கிரயத் தேதி வரை சொத்தின் மேல் சேர்ந்துள்ள அரசு வரிகள், வாடகை ஆகியவற்றை விற்பவரே தீர்க்க வேண்டும் என்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. எனவே யார் எதைக் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுத நமக்கு இடமுண்டு.

தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடுகளுக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய சங்கங்கள் பல 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. உங்கள் சங்கம் எதன் கீழ் உள்ளது என்பதைத் துணைவிதியின் முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மும்பையில் கடை வைத்திருக்கும் நம் உறவினர்கள், "எங்கள் ஊரில் 25,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது" என்பார்கள். அது உண்மை. மகாராஷ்டிர அரசு 9.8.2001-ல் பிறப்பித்த உத்தரவு, கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் வாங்கும் மாற்றுத் தொகைக்கு அந்த உச்சவரம்பை வைத்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் சங்கங்களின் வருமான வரி பற்றிய வழக்கிலும் அந்த வரம்பைக் குறிப்பிட்டது. ஆனால் அது அந்த மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரியது. அந்தத் தொகையைக் காட்டி இங்கே வாதாட முடியாது. இங்கே நம் கையில் இருப்பது துணைவிதியும் தீர்மானமும்தான்.

வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான கிரயம், அடமானம் போன்றவைதாம் வரும். பராமரிப்புப் பாக்கி வராது. மகாராஷ்டிரத்தின் 1970-ஆம் ஆண்டு, கர்நாடகத்தின் 1972-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டங்கள், விற்றவரின் பொதுச் செலவுப் பாக்கிக்கு வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு என்றே சொல்கின்றன. மின்கட்டணப் பாக்கியும் அப்படித்தான். விதிகள் இடம் தரும்போது, பழைய உரிமையாளரின் பாக்கியைப் புதியவரிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 19.5.2023-ல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே வாங்குபவரும் வங்கியும் என்.ஓ.சி. கேட்பதைத் தவறாக எண்ணக் கூடாது.

செய்ய வேண்டிய முறை

1. வீட்டை விற்பதென்று முடிவு செய்த அன்றே, அச்சாரம் வாங்கும் முன்பே, சங்கத்துக்கும் கம்பெனிக்கும் கடிதம் எழுதி இனவாரியான பாக்கிக் கணக்கு கேளுங்கள். ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

2. துணைவிதி, கடைசி இரண்டு பொதுக்குழுத் தீர்மானங்கள் ஆகியவற்றின் நகலும் கேளுங்கள். உறுப்பினர் என்ற முறையில் கேட்கிறீர்கள், தயங்க வேண்டாம்.

3. உங்கள் ரசீதுகளையும் வங்கிப் புத்தகத்தையும் வைத்து ஒத்துப் பாருங்கள். சரக்குப் பேரேட்டைச் சரிபார்ப்பது போலவே இதுவும்.

4. ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் பதிவு எண்ணைப் பாருங்கள். எண் இல்லாத பில்லில் வரி வசூலிக்கக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததே.

5. கிரய ஒப்பந்தத்தில் இன்ன தேதி வரை உள்ள பாக்கி விற்பவருடையது, அதன் பின் வாங்குபவருடையது; மூலநிதி விலையில் அடங்கியது அல்லது தனி; பெயர் மாற்றக் கட்டணம் இன்னாருடையது என்று மூன்று வரி எழுதுங்கள். வாய்ப்பேச்சு பத்திர நாளன்று நிற்காது.

6. பணத்தைக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ, துணைவிதி சொல்லும் கணக்குக்கே செலுத்துங்கள். "இன்று வரை பாக்கி இல்லை" என்ற எழுத்தும் என்.ஓ.சி.யும் ஒரே நாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. வீட்டு வரி, குடிநீர் வரி, மின்கட்டணம் ஆகியவற்றின் கடைசி ரசீதுகளையும் அதே உறையில் வைத்து வாங்குபவரிடம் கொடுங்கள்.

மறுத்தால் என்ன செய்வது?

சில இடங்களில், "கேட்டதைக் கட்டினால்தான் கடிதம்" என்பார்கள். கம்பெனி ஊழியரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. சங்கத் தலைவருக்கும் செயலாளருக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். ஒப்புக்கொண்ட பாக்கியை உடனே கட்டிவிடுங்கள். நாள் நெருங்கி, தகராறுத் தொகையையும் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், திரும்பப் பெறும் உரிமை எனக்கு உண்டு" என்று கடிதம் கொடுத்துக் கட்டுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான். எதுவும் எழுதாமல் கட்டினால், நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

பிறகு, கட்டுநரே பராமரிப்பில் இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும், கம்பெனியின் சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். 5,000 ரூபாய்த் தகராறுக்கு 50 லட்ச ரூபாய் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எது சிறிது, எது பெரிது என்பது வணிகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வரி விஷயமாக இரண்டு வார்த்தை. விற்பனைக்காகவே கட்டிய பெயர் மாற்றக் கட்டணம், தரகு போன்றவற்றை மூலதன லாபக் கணக்கில் செலவாகக் காட்ட வழியுண்டு. பழைய மாதப் பாக்கியை அப்படிக் காட்ட முடியாது. ரசீதில் இனம் தனித்தனியாக இருந்தால்தான் ஆடிட்டர் எடுத்துக்கொள்வார். மேலும், சொத்தின் மதிப்பு 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். பராமரிப்பு, கார் நிறுத்தம் போன்ற பெயரில் கிரயத்தை ஒட்டி வாங்கும் தொகைகளும் 1.9.2019 முதல் அந்த மதிப்பில் சேரும்.

கடைசியாக ஒன்று. தம்பியின் சீட்டில் 13,500 ரூபாய் உண்மையான பாக்கி. அது மாதாமாதம் கட்டப்படாததால் வந்தது. காவலாளிக்குச் சம்பளமும், லிஃப்டுக்கு மின்சாரமும் மற்ற வீட்டுக்காரர்கள் கட்டிய பணத்தில்தான் நடந்தது. நம் கடையில் கடன் வைத்தவரிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோமோ, அதையே சங்கமும் நம்மிடம் எதிர்பார்க்கும். மாதாமாதம் கட்டி ரசீதைக் கோப்பில் வைத்திருப்பவருக்கு விற்கிற அன்று பயம் இல்லை.

தம்பி வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மொய் எழுதும் மேசையில் அந்தப் பழைய சீட்டைக் காட்டி, "இதை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றார். நம் அங்கத்தினர்களில் வீடு விற்க இருப்பவர்கள், அச்சாரம் வாங்கும் முன் இந்தப் பக்கத்தை ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.