குளிர் காலையில் இயங்க மறுக்கும் மோட்டார் வண்டி
வெப்பநிலை உணரியைச் சோதிக்கும் முறை

நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் சனவரி, பெப்ரவரி மாதங்களின் விடியற்காலைகள் மிகுந்த குளிருடையன. நுவரெலியாவில் நிலத்தின்மேல் உறைபனி படிவதும் உண்டு. முதல்நாள் மாலை கோவாவையும் லீக்சையும் சிறு லொறியில் ஏற்றி வைத்த கமக்காரர், விடியலில் வண்டி இயங்காமையால் சந்தை நேரத்தைத் தவறவிடின், இலை வாடும், விலையும் வீழும். இவ்வேளையில் காரணத்தை ஆராயாது பற்றரி, பிளக்கு முதலியவற்றை ஒவ்வொன்றாக மாற்றுதல் வீண் செலவாகும். கீழ்க்காணும் ஒழுங்கில் சோதித்தலே நன்று.

1. முதலிற் பற்றரி

குளிரிற் பற்றரியின் வலு குறையும், எண்ணெயும் தடிப்பாகும். சாவியைத் திருப்பும்போது இயந்திரம் மெதுவாகச் சுழலுமாயின் பற்றரியையும் அதன் முனைகளையும் பார்த்தல் வேண்டும். நன்கு மின்னேற்றப்பட்ட பற்றரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும். இயந்திரத்தைச் சுழற்றும்போது அது 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கலாகாது. ஒரே மூச்சில் பத்துச் செக்கனுக்கு மேற் சுழற்றாது, இடையே சிறிது ஓய்வு கொடுத்தல் வேண்டும்.

2. வேகமாகச் சுழன்றும் இயங்காவிடின்

பெற்றோல் வருகின்றதா, பிளக்கிலே தீப்பொறி உண்டா, காற்று வடி அடைபட்டுள்ளதா என்பவற்றைப் பார்க்க. இவை சீராயிருந்து, சூடான பின் நன்றாக ஓடும் வண்டி குளிர்ந்தபோது மட்டும் இயங்க மறுப்பின், வெப்பநிலை உணரியை ஐயுறுதல் தகும்.

3. உணரியின் தொழில்

முன்னைய வண்டிகளிற் குளிர் வேளையில் ‘சோக்’கை இழுத்துப் பெற்றோலை மிகுதியாக்கினர். பெற்றோலைப் பீச்சும் முறையில் அமைந்த இக்கால வண்டிகளில், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இவ்வேலையைத் தானே செய்கின்றது. இயந்திரத்தின் வெப்பத்தை அதற்கு அறிவிப்பது, குளிராக்கும் நீரிலே தோய்ந்திருக்கும் உணரியாகும். திருத்துநர் இதனைச் ‘சென்சர்’ என்பர். குளிரில் இதன் மின்தடை கூடும், சூட்டிற் குறையும்.

உணரி பழுதுற்று, குளிர்ந்த இயந்திரத்தைச் சூடானதெனக் காட்டின், பெற்றோல் போதாது; வண்டி இயங்காது. சூடானதைக் குளிர்ந்ததெனக் காட்டின், பெற்றோல் மிகும், கரும்புகை எழும், பிளக்குகள் நனையும், மிகுந்த பெற்றோல் உருளையின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவித் தேய்வையும் உண்டாக்கும். பிழையான அளவைக் காட்டும் உணரி எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யாதிருத்தலும் கூடும்.

4. வண்டியில் வைத்தே சோதித்தல்

இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியை விடியலிற் சோதிக்க. சாவியை நிறுத்திய நிலையில், உணரியின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கும் இடையே மல்ரிமீற்றரால் மின்தடையை அளக்க. யப்பானிய வண்டிகள் பலவற்றுக்குப் பொருந்தும் அளவுகள் வருமாறு:

0 பாகை செல்சியசு: 4,000 – 7,000 ஓம்
20 பாகை: 2,000 – 3,000 ஓம்
40 பாகை: 900 – 1,300 ஓம்
80 பாகை: 200 – 400 ஓம்

வண்டிக்குரிய கைந்நூல் வேறு அளவு கூறின் அதனையே கொள்க. குளிர் விடியலில் 300 ஓம் காட்டும் உணரி, இயந்திரம் 80 பாகையில் உள்ளதெனப் பொய் கூறுகின்றது. அதனை மாற்றுதல் வேண்டும்.

5. நீரில் இட்டுச் சோதித்தல்

ஐயம் நீங்காவிடின், இயந்திரம் ஆறியிருக்கும்போது உணரியைக் கழற்றுக. சமையலுக்கு உதவாத பாத்திரத்தில் நீரெடுத்து, உணரியின் நுனி மட்டும் நீரில் தோயவும் பாத்திரத்தின் அடியிற் படாமலும் தொங்கவிடுக. பக்கத்தில் வெப்பமானியை வைத்து மெதுவாகச் சூடேற்றி, 20, 40, 60, 80 பாகைகளிற் தடையைக் குறித்துக்கொள்க. தடை படிப்படியாகக் குறைதல் வேண்டும். இடையிலே துள்ளினாலும் மாறாது நின்றாலும் உணரி பழுதே. நுவரெலியாவின் உயரத்தில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்குமாதலால், கொதிநீரை 100 பாகை எனக் கொள்ளலாகாது.

6. கம்பியைச் சோதித்தல்

உணரி நன்றாயின், கழற்றிய இணைப்பின் இரு முனைகளையும் சாவி திறந்த நிலையில் அளக்க. ஏறக்குறைய 5 வோல்ற்று இருத்தல் வேண்டும். இல்லையெனிற் பழுது கம்பியிலோ இணைப்பிலோ பெட்டியிலோ உள்ளது. புதிய உணரி வாங்குவதாற் பயனில்லை. இணைப்பிற் பச்சைக் களிம்பு படிந்திருப்பின் துடைத்துவிடுக.

எச்சரிக்கை

சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறக்கலாகாது. பீறிடும் நீராவி முகத்தைச் சுட்டுவிடும். உணரியைப் பூட்டும்போது புதிய வளையம் இட்டு, அளவாக இறுக்கி, குறைந்த நீரை நிரப்பி, உள்ளே தங்கிய காற்றையும் வெளியேற்றுக. கூலன்ற் கலந்த நீர் நஞ்சாகும், இனிப்புச் சுவையுடையது. ஆதலின் அதனைப் பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்தலும், வாய்க்காலில் ஊற்றாதிருத்தலும் அவசியம்.