காகிதப்பூக் கொடி



மல்லிகையும் முல்லையும் மணக்கும் நம் நாட்டில் காகிதப்பூவுக்குப் பெருமை குறைவு. மணம் இல்லாததால் யாரும் அதைத் தலையில் சூடுவதில்லை, சரம் தொடுப்பதுமில்லை. ஆயினும் கோடை வெயிலில் மற்றச் செடிகள் வாடி நிற்க, மதிற்சுவரின் மேல் கொத்துக் கொத்தாய்க் குலுங்குவது இதுவே. போகன்வில்லா என்பது இதன் தாவரவியற் பெயர். தென் அமெரிக்காவே இதன் தாயகம்.

பூ எது?

ஒரு கொத்தைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். காகிதம் போன்ற வண்ணப் பகுதிகள் மூன்று இருக்கும். இலையில் காண்பது போன்ற நரம்புகள் அவற்றிலும் ஓடும். அவை இதழ்கள் அல்ல. பூவடிச் செதில்கள், அதாவது நிறம் பெற்ற இலைகள். ஒவ்வொரு செதிலின் உட்புறத்திலும் குழல் போன்ற சிறு வெண்மலர் ஒன்று ஒட்டியிருக்கும். அதுவே உண்மையான பூ. மாலையில் மலரும் அந்திமந்தாரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வளர்க்கும் முறை

பென்சில் பருமனுள்ள, ஓரளவு முற்றிய கிளையை 6 முதல் 8 அங்குல நீளத்திற்கு வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில், மழைக்காலத் தொடக்கத்தில், நிழலில் நடுங்கள். ஓரிரு மாதங்களில் வேர் பிடிக்கும். வேர்கள் மெல்லியவை, ஆகவே இடம் மாற்றும்போது மண்கட்டி உடையாமல் எடுக்க வேண்டும்.

வேரூன்றிய பின் வெயிலே இதற்கு உணவு போன்றது. நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேரமாவது நேர் வெயில் படட்டும். இக்கொடிக்குப் பற்றுக்கம்பிகள் இல்லை; முட்களை ஊன்றியே ஏறும். எனவே சுவரிலோ பந்தலிலோ கட்டிவிட வேண்டும்.

"நாள்தோறும் நீர் ஊற்றுகிறேன், எரு இடுகிறேன், ஏன் பூக்கவில்லை?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்த உபசாரமே காரணம்! நீரும் தழைச்சத்தும் மிகுந்தால் இலையே செழிக்கும், வேரும் அழுகும். மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் விடுங்கள். புதுத் தளிர்க் கிளைகளில்தான் பூ வரும். ஆதலால் பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கத்தரித்து விடுங்கள். முட்கள் கூரியவை, கையுறை தேவை.

பெயரின் கதை

பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பூகன்வில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டபோது, கொம்மர்சோன் என்னும் தாவரவியலாளரும் உடன் சென்றார். 1767ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் இக்கொடி சேகரிக்கப்பட்டது. கொம்மர்சோன் அதற்குத் தம் தலைவரின் பெயரைச் சூட்டினார்.

அவருடைய உதவியாளரை எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் ழான் பாரே, பெண். அக்காலத்தில் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்கள் பயணம் செய்யத் தடை இருந்தது. ஆகவே ஆண் உடை தரித்துக் கப்பலேறினார். கொம்மர்சோன் காற்புண்ணால் வருந்தியவர். பாரே மலைகளிலும் காடுகளிலும் சுமை தூக்கி நடந்து, செடிகளைச் சேகரித்தார். 1768இல் தாகித்தித் தீவில் அவர் பெண் என்பது வெளிப்பட்டது. பின்னர் மொரீஷியஸ் தீவில் தங்கி, பிற்காலத்தில் பிரான்ஸ் திரும்பினார். உலகைச் சுற்றி வந்ததாக அறியப்படும் முதல் பெண்மணி அவரே.

1785இல் பிரெஞ்சு அரசு அவர் உழைப்பை மதித்து ஓய்வூதியம் அளித்தது. ஆனால் கொம்மர்சோன் பெயரைப் பல தாவரங்கள் தாங்கி நிற்க, பாரேயின் பெயரை நிலையாகத் தாங்க ஒரு செடிகூட இல்லாதிருந்தது. 2012ஆம் ஆண்டில்தான், தென் அமெரிக்காவில் வளரும் கத்தரிப் பேரினச் செடி ஒன்றுக்கு அறிவியலாளர் அவர் பெயரை இட்டனர்.

தோழியரே, இம்மழைக்காலத்தில் ஒரு தண்டேனும் நடுங்கள். முதற்கொத்து மலர்ந்ததும் உங்கள் தம்பி தங்கையரை அழைத்து, வண்ணச் செதில்களுக்கு நடுவே உள்ள வெண்மலரைக் காட்டுங்கள். கூடவே ழான் பாரேயின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.