மருந்தும் ஊர்தியும்

ஏரி நிறைய நீர் இருப்பினும், வாய்க்கால் இல்லையேல் வயல் விளையாது. மருந்தின் இயல்பும் அத்தகையதே. நோயை வெல்லும் ஆற்றல் ஒரு பொருளுக்கு இருத்தல் மட்டும் போதாது. அது நோயுற்ற உறுப்பைச் சென்று சேர்தல் வேண்டும். செல்லும் வழியில் அழியாதிருத்தல் வேண்டும். நலமாயுள்ள உறுப்புகளுக்கு ஊறு செய்யாதிருத்தலும் வேண்டும். இதற்குத் துணை நிற்பது மருந்தைச் சுமந்து செல்லும் ஊர்தியாகும். தேன், நெய், வெந்நீர் முதலியவற்றை மருந்தோடு சேர்த்து வழங்கும் சித்த மருத்துவர், அத்துணைப் பொருளை அனுபானம் என்பர். இக்கால மருந்தியலார் கையாளும் ஊர்திகளுள் தலையாயவை இரண்டு. ஒன்று பலபடி, மற்றொன்று கொழுப்பு.

சிறு மூலக்கூறுகள் பல, சங்கிலியின் கண்ணிகள்போல் பிணைந்து நீண்டு அமைவதே பலபடி. இதனைப் பாலிமர் என்றும் வழங்குவர். பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோசு, இயற்கை அளித்த பலபடியாகும். அதனைப் பக்குவப்படுத்திப் பெற்ற பொருள்களுள் ஒன்றைச் சில மாத்திரைகளின்மீது மெல்லிய உறையாகப் பூசுவர். அவ்வுறை இரைப்பையின் அமிலத்தில் கரையாது. அமிலம் குறைந்த சிறுகுடலை அடைந்த பின்னரே கரையும். அதனால், அமிலத்தால் கெடும் மருந்து காக்கப்படுகிறது. மருந்தால் புண்படும் இரைப்பையும் காக்கப்படுகிறது. இத்தகைய மாத்திரையைப் பொடித்து உண்பவர், மதிலை இடித்துவிட்டுக் கோட்டையைக் காக்க முனைபவரை ஒப்பர்.

மருந்தை அளந்து கொடுக்கும் பணியையும் பலபடி செய்யும். லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் இணைந்த பலபடியினுள் மருந்தை அடைத்து ஊசிவழி உடலினுள் செலுத்துவர். அப்பலபடி நீரால் மெல்ல மெல்லச் சிதைந்து, மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும். முடிவில் தானும் நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறி மறையும். நாள்தோறும் இடவேண்டிய ஊசியை மாதம் ஒருமுறை இட்டால் போதும் என்னும் நிலை, சில நோய்களில் இவ்வாறு உண்டாயிற்று.

இனி, கொழுப்பின் திறத்தைக் காண்போம். பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூற்றின் தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். இதனை நீரில் இட்டால், வால்கள் உள்ளே மறையவும் தலைகள் நீரை நோக்கவும் அமைந்த ஈரடுக்குச் சுவரோடு நுண்குமிழிகள் தோன்றும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரை அடுத்த பாபிரகாமில் ஆராய்ந்த அலெக் பாங்கம் என்னும் அறிஞர், 1960-களில் இவற்றின் அமைப்பை உலகிற்கு விளக்கினார். லைப்போசோம் எனப்படும் இக்குமிழியின் பயனை அறியப் பீகார் மாநிலத்திற்குச் செல்வோம்.

அங்கே சிற்றூர்களில் வாழும் ஏழையரை வாட்டிய நோய், காலா அசார் என்னும் கருங்காய்ச்சல். மணல் ஈயின் கடியால் பரவும் இந்நோயின் ஒட்டுண்ணி, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கும் அணுக்களினுள் ஒளிந்து வாழும். மருத்துவம் பெறாதார் பெரும்பாலும் உயிர் பிழையார். ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்து இவ்வொட்டுண்ணியை அழிக்க வல்லது; எனினும், அதுவே நோயாளிக்குக் குளிர்நடுக்கத்தைத் தந்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒருநாள்விட்டு ஒருநாளாகப் பதினைந்து முறை அதனை ஏற்ற வேண்டியிருந்தது. நாட்கூலியால் வாழும் ஒருவர் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடப்பின், அவர் இல்லத்தில் அடுப்பெரிவது எங்ஙனம்?

அதே மருந்தைக் கொழுப்புக் குமிழியின் சுவரில் பதித்து ஏற்றியபோது நிலை மாறியது. மயிரிழையின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உடைய அக்குமிழிகளை, அயற்பொருள் எனக் கருதி விழுங்கும் அணுக்கள் விழுங்கின. பகைவன் ஒளிந்திருந்த வீட்டினுள்ளேயே மருந்து புகுந்தது. சிறுநீரகம் பெரிதும் தப்பியது. பீகாரில் நிகழ்ந்த ஆய்வின் முடிவுகள் 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தன. உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒருமுறை குமிழி மருந்து பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பேர் நலம் பெற்றனர். பழைய முறையில் பதினைந்து முறை பெற்றவருள்ளும் அவ்வளவினரே நலம் பெற்றனர். ஒரு மாதத் துன்பம் ஒரு நாளில் அடங்கியது. குமிழி மருந்து விலை மிக்கது. ஆயினும், நோயொழிப்புத் திட்டத்தின்வழி அது ஏழையர்க்கு இலவசமாகக் கிட்டலாயிற்று.

கொரோனாப் பெருந்தொற்றின்போது 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளிலும், எளிதில் சிதையும் ஆர்.என்.ஏ. மூலக்கூற்றைக் காத்து உயிரணுவினுள் சேர்த்தவை நுண்ணிய கொழுப்புத் துகள்களே.

பீகாரில் மருந்து மாறவில்லை, நோயும் மாறவில்லை, மாறியது ஊர்தி ஒன்றே. அம்மாற்றமே துன்புறுத்திய மருந்தைத் துணைபுரியும் மருந்தாக்கியது. ஆகவே, ஆற்றலைத் தேடுதல் அறிவின் ஒரு பாதி; அதனை உரிய இடத்தில், உரிய அளவில், பிறிதொன்றுக்கு ஊறின்றிக் கொண்டு சேர்த்தல் மறு பாதி.