பிஞ்சு விரல்களும் அறிவு வளர்ச்சியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: விரல்களுக்குச் சிறப்புச் சாமான்களால் பயிற்சி அளித்தால் குழந்தை அறிவாளியாகும்.

உண்மை: இதில் பாதியே மெய். கை, விரல்களின் நுட்பமான அசைவுகளைக் கட்டுப்படுத்தும் ஆற்றலே நுண்ணியக்கத் திறன் எனப்படுகிறது. இத்திறனைக் கொண்டு ஒரு கரண்டியைத் திருப்பியும் தட்டியும் மீண்டும் மீண்டும் கீழே போட்டும் பார்க்கும் குழந்தை, அதன் எடையையும் ஒலியையும், தன் செயலுக்கு ஒரு விளைவு உண்டு என்பதையும் அறிந்துகொள்கிறது. 2002-இல் ஏமி நீதம் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், பொருளைத் தாமாகப் பற்ற இயலாத மூன்று மாதக் குழந்தைகளுக்கு, பொம்மைகள் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ கையுறைகளை அணிவித்துப் பழக்கியபோது, அக்குழந்தைகள் பின்னர் பொருள்களைக் கூடுதலாக ஆராய்ந்தன என்று கண்டனர். எனினும் பிந்தைய ஆய்வுகள் சில இத்தகைய பயனைக் காணவில்லை. முதல் ஆய்வும் நுண்ணறிவை அளக்கவில்லை. இத்தகைய சாமான்களின் பெட்டியில் அச்சிடப்படும் ‘மூளை வளர்ச்சி’ என்பது பெரும்பாலும் விற்பனைச் சொல்லே.

நம்பிக்கை: திரையைத் தொட்டு விளையாடுவதும் விரல் பயிற்சிதான்.

உண்மை: கண்ணாடித் திரையில் தெரியும் பொருளுக்கு எடையும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை நேரமே வேண்டாம் என்பது 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய அரசின் வழிகாட்டுதல்.

நம்பிக்கை: ஆறேழு மாதத்திலேயே இடக்கையை மட்டும் நீட்டும் குழந்தையை வலக்கைக்குப் பழக்கிவிட வேண்டும்.

உண்மை: இடக்கைப் பழக்கம் குறையன்று, திருத்தவும் வேண்டியதில்லை. ஆனால் முதல் ஆண்டில் குழந்தைகள் பொதுவாக இரு கைகளையும் பயன்படுத்துவதால், ஒரு கையையே தொடர்ந்து நாடுவது மறு கையின் வலுவின்மையை, சில வேளைகளில் பெருமூளை வாதத்தை, அதாவது வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பால் உண்டாகும் இயக்கக் குறைபாட்டை, உணர்த்தக்கூடும். சிட்னி ஆய்வாளர் அயோனா நோவக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட கட்டுரை, அக்குறைபாட்டை ஆறு மாதத்திற்கு முன்பே கண்டறிய இயலும் என்று காட்டியது. ஆகவே குழந்தை நீட்டும் இடக்கையை வீட்டில் தாத்தா பாட்டியர் விலக்கிவிடுவது, கவனிக்க வேண்டிய அறிகுறியையே மறைத்துவிடும்.

மெல்பேர்ண் பெற்றோர் விக்டோரியாவின் இலவசத் தாய்-சேய் நலச் செவிலியர் சந்திப்புகளில், குறிப்பாக எட்டாம் மாதச் சந்திப்பில், குழந்தை ஒரு கையையே நாடுவதைத் தெரிவிக்கலாம். சிட்னியில் ‘நீலப் புத்தகம்’ எனப்படும் குழந்தை நலப் பதிவேட்டுடன் குடும்ப மருத்துவரையோ குழந்தை நலச் செவிலியரையோ நாடலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இச்சேவைகளில் இலவசமாகக் கேட்டுப் பெறலாம் என்பதால், ஆங்கிலம் வராது என்று எவரும் தயங்கி நாள் கடத்த வேண்டியதில்லை.