கல்லுப் போட முதல் அளவு பாருங்கள்

“சிலிண்டருக்குக் கல் ஹோன் போட்டால் சரிவரும் தம்பி” என்று கராஜில் யாரும் சொன்னால், “அளந்து பார்த்தனீங்களோ அண்ணை?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அங்கிருந்த ஒயிலையும் தண்ணியாக்கும். சிலிண்டர் தேயாமல் என்ன செய்யும்? புதுப் பிஸ்டன் கிடையாத அந்த நாளில் எமரித்தாளால் உரசிப் பழைய றிங்கையே திரும்பப் போட்டு ஓடியது கெட்டித்தனம்தான். இன்றைக்கும் அப்படிச் செய்வது சோம்பல்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜப்பான் ட்ரெயில் பைக்குகளைப் பிரித்துப் பிரித்துப் பூட்ட வேண்டியதாயிற்று. யமஹா செரோ 225, ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஹா போன்றவற்றின் ஹெட்டையும் சிலிண்டரையும் காங்கேசன்துறைக் காற்றில் வைத்துக் கழற்றப் போகிறவருக்கு இந்தப் பட்டியல்.

கழற்றுகிறபோது

வெளியே கழுவிவிட்டுக் கழற்றுங்கள். பிளக்கைச் சுற்றிய குழியிலும் சிலிண்டர் அடியிலும் மண் இறுகிக் கிடக்கும். ஹெட்டைத் தூக்கும்போது அந்த மண் விழுகிற இடம் எஞ்சினின் உள்தான்.

சோளகம் வீசுகிற மாதங்களில் முற்றத்தில் வைத்துப் பிரிக்காதீர்கள். சீமெந்துத் தொழிற்சாலை இருந்த ஊர் என்பதால் எல்லோரும் சுண்ணாம்புத் தூசியைத்தான் குறை சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் மெதுவான கல், வார்ப்பிரும்பை அது பெரிதாக வெட்டாது. வலிகாமத்துச் செம்மண்ணுக்குள் இருக்கிற படிகமணல்தான் வெட்டும்.

சிலிண்டரைத் தூக்கியதும் கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். நூல் கழறுகிற கொட்டன் வேஸ்ட் வேண்டாம். பிஸ்டன் முள்ளின் சேர்க்கிளிப் துள்ளி உள்ளே விழுந்தால் எஞ்சினை முழுவதும் பிளக்க வேண்டிவரும்.

பார்க்கிறபோது

முதலில் ஒரு சின்னக் காந்தத்தை உட்சுவரில் வைத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் வார்ப்பிரும்பு சிலீவ், போர் அடிக்கலாம், ஹோன் போடலாம். பிடிக்காவிட்டால் அலுமினியத்தின் மேல் நிக்கல் பூச்சு ஏற்றிய சிலிண்டர். யமஹா டபிள்யூஆர் 250ஆர் போன்ற பைக்குகளில் இந்த வகைதான். அதற்குள் கல் ஹோனை விடவே விடாதீர்கள். சிலிக்கன் காபைட் கலந்த அந்தப் பூச்சு மிகக் கடினமானது, ஆனால் மெல்லியது. ஒருமுறை உரிந்தால் இங்கே ஒரு லேத்தாலும் அதைத் திரும்ப ஏற்ற முடியாது. பச்சை ஸ்கொச்-பிறைற்றைச் சோப்புத் தண்ணியில் நனைத்துக் கையால் குறுக்காகத் தேய்த்து, பளபளப்பை மட்டும் எடுங்கள்.

கோடு தெரிந்தால் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடக்குகிற கோடு ஹோனுக்குப் போகாது. போர் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் இறுகிப்போன எஞ்சினில், சுவரில் ஒட்டிய அலுமினியப் பூச்சும் கோடு மாதிரியே காட்டும். அது பிஸ்டனிலிருந்து வந்தது, அதை எடுத்தால் கீழே நல்ல சுவர் இருக்கலாம். அதற்கு அமிலம் பாவிப்பார்கள். பழகின கைகளிடம் விடுங்கள்.

உட்சுவர் முழுக்க மெல்லிய நெடுங்கோடுகள் என்றால், சிலிண்டரை வைத்துவிட்டு எயார் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்பொஞ்சுக்கு ஒயில் போடாமல் காய்ந்த பில்டர், ஓரம் கிழிந்த இன்டேக் றப்பர், இரண்டில் ஒன்று இருக்கும். அதைச் சரிக்கட்டாமல் புதுப் பிஸ்டன் வாங்காதீர்கள்.

அளக்கிறபோது

வேணியரால் உள்விட்டம் எடுக்காதீர்கள். சாதாரண வேணியரின் மிகச் சின்னக் கோடே 0.02 அல்லது 0.05 மில்லிமீற்றர். காற்றில் குளிருகிற நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளியும் அந்த அளவுக்குள்தான். அதோடு வேணியரின் தட்டையான நாக்கு வளைவுக்குள் சரியாக உட்காராது. போர் கேஜும் மைக்றோமீற்றரும் வேண்டும்.

மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளவுங்கள். பிஸ்டன் முள்ளுக்கு நேராக ஒன்று, குறுக்காக ஒன்று. குறுக்குத் திசையில்தான் பிஸ்டன் சுவரை நெருக்கும், அங்கேதான் தேய்வு கூட. மேலே, றிங் திரும்புகிற இடத்தில் வெடிப்பின் அழுத்தம் அதிகம், ஒயில் குறைவு. ஆகவே சிலிண்டர் மேலே அகன்று கீழே ஒடுங்கியிருக்கும். அந்த வித்தியாசம் 0.05 மில்லிமீற்றரைத் தொட்டால் ஹோனைப் பற்றிய பேச்சை விடுங்கள். உங்கள் பைக்கின் மனுவல் வேறு எல்லை சொன்னால் அதுவே கணக்கு.

போர் கேஜ் இல்லையா? ஒரு றிங்கும் பீலர் கேஜும் போதும், கொஞ்சம் பொறுமையும். றிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்குங்கள். மேலே ஓரிடத்தில் வாய் இடைவெளியை எடுங்கள், பிறகு தேய்வில்லாத அடிப்பக்கத்தில் எடுங்கள். வித்தியாசத்தை 3.14 ஆல் பிரித்தால் விட்டத்தின் வித்தியாசம் வந்துவிடும். மேலே 0.45, கீழே 0.30 என்றால் 0.15 ஐப் பிரிக்க 0.048 வரும். அது 0.05 ஐத் தொட்ட கணக்குத்தான், அந்தச் சிலிண்டர் லேத்துக்குப் போக வேண்டியது. நீள்வட்டமாகத் தேய்ந்ததை மட்டும் இந்த முறை காட்டாது.

வெயிலில் கிடந்த சிலிண்டரை அளக்காதீர்கள். மனுவல் அளவுகள் 20 பாகை செல்சியஸுக்குச் சொன்னவை. 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள செரோவின் இரும்புச் சுவர் 30 பாகை கூடச் சூடானால் 0.023 மில்லிமீற்றர் விரியும். அலுமினியப் பிஸ்டன் அதைவிட இரண்டு மடங்கு, 0.048. ஒன்று வெயிலிலும் மற்றது நிழலிலும் கிடந்தால், நீங்கள் கண்டுபிடித்த “தேய்வு” வெறும் வெயில்தான். இரண்டையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்து விடிய அளவுங்கள்.

பிஸ்டனைக் கையில் வாங்காமல் போர் அடிக்கக் கொடுக்காதீர்கள். 0.50 ஓவர்சைஸ் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி 70.50 க்கு வெட்டிவிட்டு, வந்த பிஸ்டன் கொஞ்சம் குறைவாக இருந்தால் ஏச ஆள் இல்லை. பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்துக் கொடுத்து, எவ்வளவு கிளியறன்ஸ் என்பதைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். வெட்டுக் கத்தியின் தடம் போக, கடைசிக் கொஞ்சத்தை ஹோனுக்கு மிச்சம் விடச் சொல்லுங்கள்.

ஹோன் போடுகிறபோது

ஹோன் சிலிண்டரை வட்டமாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முனையில் உருண்டைகள் உள்ள பிறஷ் ஹோனும், மூன்று கால் ஹோனும் இருக்கிற வடிவத்தையே பின்பற்றிப் போகும். முட்டை வடிவாய் இருந்தால் முட்டை வடிவாகவே மினுக்கும். அதன் வேலை, கண்ணாடியான சுவரில் ஒயில் தங்கக் கீறல்கள் போடுவது மட்டும். புது றிங் அந்தக் கீறலில்தான் தன்னைத் தேய்த்து உட்காரும்.

இரும்புச் சுவருக்கு 240 கிறிட் பொதுவாகப் போதும். டிறில்லை மெதுவாக, நிமிடத்துக்கு 500 சுற்றுக்குப் பக்கமாக ஓட்டுங்கள். ஒயிலை ஊற்றிக்கொண்டே போடுங்கள். கீறல்கள் ஒன்றையொன்று 45 பாகைக்குக் கிட்ட வெட்ட வேண்டும். அதை முடிவு செய்வது உங்கள் கை மேலும் கீழும் போகிற வேகம். கீறல் படுத்துக் கிடந்தால் கையை வேகமாக்குங்கள், நிமிர்ந்து நின்றால் குறையுங்கள். பதினைந்து விநாடி போட்டு, துடைத்துப் பார்த்து, பிறகு தேவையென்றால் இன்னொரு தடவை.

ஓரிடத்தில் நிற்காதீர்கள். சுற்றுகிற ஹோனை நிறுத்திவிட்டு இழுக்காதீர்கள், நெடுங்கோடு விழும். சுற்றும்போதே வெளியே எடுங்கள்.

ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் என்றால் மூன்று கால் ஹோன் வேண்டாம். கல்லு போர்ட் ஓட்டைக்குள் தடக்கி உடையும். பிறஷ் ஹோன் போட்டு, பிறகு போர்ட் ஓரங்களைக் கையால் மழுக்குங்கள்.

கழுவுகிறபோது

எத்தனை பேர் ஒழுங்காகக் கல்லுப் போட்டுவிட்டு இங்கே கெடுக்கிறார்கள்! பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவி முடித்துவிடாதீர்கள். அது ஒயிலைக் கரைக்கும், கல்லுத் தூளைக் கீறலுக்குள் விட்டுவிட்டு ஆவியாகும். மிச்சத் தூள் றிங்கோடு சேர்ந்து எஞ்சினுக்குள்ளேயே இரண்டாவது ஹோனாக வேலை செய்யும்.

சுடுதண்ணி, சோப்புத்தூள், பிறஷ். நுரை வரும்வரை தூள் போடுங்கள். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லை வெட்டி இறக்கியவை, நுரை இலேசில் வராது. கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேரும். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணி பிடித்து வைத்திருந்தால் அதைப் பாவியுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் ஒயில் நனைத்து உட்சுவரைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் ஏறினால் திரும்பக் கழுவுங்கள். துண்டு வெள்ளையாகவே வரும்வரை.

கழுவின சிலிண்டரை மதிலில் காயவைக்காதீர்கள். புதிதாகக் கீறிய வார்ப்பிரும்பு இந்தக் கடற்காற்றில், அதுவும் வாடை வீசுகிற நாளில், தேத்தண்ணி குடித்து வர முன்னமே மஞ்சள் பூத்துவிடும். துடைத்த கையோடு எஞ்சின் ஒயில் பூசி, பொலித்தீன் பையில் கட்டுங்கள். நகரத்து லேத்திலிருந்து கொண்டுவருவதானாலும் அப்படியே.

பூட்டுகிறபோது

றிங் வாய் இடைவெளியை மறுபடி பாருங்கள். கணக்குத் தெரியாத இடத்தில் விட்டத்தை 0.004 ஆல் பெருக்குங்கள். 70 க்கு 0.28 மில்லிமீற்றர். குறைவாக இருந்தால் சூட்டில் வாய் முட்டி றிங் உடையும். எழுத்துள்ள பக்கம் மேலே வரட்டும். மூன்று வாயும் ஒரே நேரில் வர விடாதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் வாய் அதற்கான முள்ளிலேயே உட்கார வேண்டும். பழைய சேர்க்கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, படிப்படியாக, டோர்க் றெஞ்சால் இறுக்குங்கள்.

ஸ்டார்ட் பண்ணிய பிறகு மணிக்கணக்கில் ஐடிலில் விட்டு “பழக்காதீர்கள்”. அழுத்தம் இல்லாமல் றிங் உட்காராது, சுவர்தான் திரும்பக் கண்ணாடியாகும். சூடாக்கி, ஆறவிட்டு, பிறகு கீரிமலைப் பக்கம் கூட்டிக் குறைத்து ஓடுங்கள். திறொட்டிலை நீட்டிப் பிடிக்கவும் வேண்டாம், ஒரே வேகத்தில் போகவும் வேண்டாம். முதல் 100 கிலோமீற்றரில் ஒயிலை வெள்ளைப் பாத்திரத்தில் வடித்து, அந்தச் சின்னக் காந்தத்தை விட்டுக் கலக்குங்கள். மா மாதிரி மெல்லிய தூள் ஒட்டினால் புது ஒயில் ஊற்றி ஓடலாம். துருவல் ஒட்டினால் ஹெட்டைத் திரும்பக் கழற்றுங்கள்.